மூன்று பந்தும் என் மூச்சும்

என் நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிப் போய்விட்டது, அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சொன்னபோது, டாக்டர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் மகளைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. நான் தலையைக் குனிந்து என் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி, பேங்கு, கல்யாண மண்டபம், எங்கே போனாலும் நான் அப்படித்தான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். வாத்தியார் கேட்டதற்குப் பதில் தெரிந்திருந்தும் ஒரு நாள்கூட எழுந்து நின்று சொன்னதில்லை.

சின்ன வயதில் எனக்கு முழங்கால், கணுக்கால் எல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சல் அப்போதே வால்வைத் தொட்டுவிட்டுப் போயிருக்கும் என்றார் டாக்டர். நான் அதை மறந்தே போய்விட்டேன். அது என்னை மறக்கவில்லை. இரண்டு வருஷமாக மூச்சு வாங்கியது. படுத்தால் வாங்கும் என்று சுவரில் சாய்ந்து தூங்கினேன். கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்று சொன்னேன். மூச்சு வாங்குகிறது என்று சொல்ல என்னவோ கூச்சமாக இருந்தது.

ஆபரேஷனை உடனே செய்யவில்லை. சொத்தைப் பல் இருந்தால் அதிலிருக்கிற கிருமி ரத்தத்தில் போய்ப் புது வால்வில் உட்கார்ந்துவிடுமாம். இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். அந்தப் புண் ஆறட்டும், இருபது நாள் கழித்து வந்து சேருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கிளம்பும்போது ஒரு நர்சு, காகிதங்களோடு ஒரு பிளாஸ்டிக் சாமானையும் பைக்குள் வைத்தாள். மூன்று கூண்டு, கூண்டுக்கு ஒன்றாக மூன்று நீலப் பந்து, பக்கத்தில் ஒரு குழாய்.

“ஆபரேஷன் முடிஞ்சதும் மூச்சு மெஷின்ல வெச்சிருப்பாங்கம்மா. நுரையீரல் தெம்பா இருந்தாத்தான் சீக்கிரமா அதுல இருந்து எடுப்பாங்க. தினமும் இதப் பண்ணுங்க. பந்து மேல ஏறணும்” என்றாள். அதற்குள் எங்கேயோ மணி அடித்தது. ஓடிவிட்டாள்.

எப்படிப் பண்ணுவது என்று நான் கேட்கவில்லை. மகள் மருந்துக் கடையில் நின்றாள். என் வீட்டுக்காரர் பக்கத்திலேதான் இருந்தார். ஆனால் அவருக்குக் காது மந்தம். ரிக்கு வண்டியில் வடநாடெல்லாம் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். கம்ப்ரசர் சத்தம் காதைத் தின்றுவிட்டது. அட்டைப் பெட்டியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குழாயை வாயில் வைத்திருக்கிற படம் இருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே. கொஞ்சம் குச்சிக்கிழங்கு, கொஞ்சம் கடலைக்காய், ஒரு மாடு. மறுநாள் காலையில் மாட்டுக் கொட்டாய்க்குப் போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குழாயை வாயில் வைத்து ஊதினேன். பந்து அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் திரும்ப ஊதினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று பந்தும் மூன்று கோழி முட்டை மாதிரி அப்படியே கிடந்தன.

மழைக்காலத்தில் நனைந்த தென்னை மட்டையை வைத்து அடுப்பு மூட்டுகிறவள் நான். ஊதாங்குழலை எடுத்து நாலு ஊது ஊதினால் நெருப்பு பற்றிவிடும். அப்படிப்பட்ட எனக்கு, சுண்டினால் பறக்கிற பிளாஸ்டிக் பந்தைத் தூக்க முடியவில்லை. அப்போது நர்சு சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. பந்து ஏறினால்தான் மெஷினிலிருந்து எடுப்பார்கள். ஏறாவிட்டால்?

ஒன்பது நாள் ஊதினேன். காலையில் பத்துத் தடவை, பொழுதோடே பத்துத் தடவை. பிடுங்கின பல் இடத்தில் ரத்தம்கூட வந்தது. ஒரு பந்து, ஒரே ஒரு தடவை லேசாக நடுங்கின மாதிரி இருந்தது. அது என் கை நடுக்கமாக இருந்திருக்கும்.

மகள் தினமும் போன் பண்ணுவாள்.

“அம்மா, பந்து ஊதறியா?”

“ஊதறேன் சாமி.”

“ஏறுதா?”

“ஏறுது.”

அவளும் ஊதுகிறாயா என்றுதான் கேட்டாள். எங்கள் வீட்டில் குழாய் என்றால் ஊதுவதற்குத்தான். வேறு விதமாக யாருக்கும் தோன்றவில்லை.

பத்தாவது நாள் ஊதுவதை விட்டுவிட்டேன். என் நுரையீரலும் போய்விட்டது, மெஷினில் வைத்தால் அங்கேயே என் கதை முடிந்தது என்று மனதுக்குள் முடிவு பண்ணிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. ஒரே ஒரு கவலைதான். இந்த மனுசன் தனியாக என்ன செய்வார்?

அதனால் அவருக்கு வீட்டு வேலையைப் பழக்க ஆரம்பித்தேன். துவரம்பருப்பு எந்த டப்பாவில், உப்பு எதில் என்று கையைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்த்துவிட்டு, “பத்து நாளு ஆஸ்பத்திரில இருக்கப் போற, அதுக்கு எதுக்கு புள்ள இத்தன பாடம்?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

பால் கறப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. எங்கள் மாடு வேறு யார் கை பட்டாலும் பாலை அடக்கிக்கொள்ளும். அவர் உட்கார்ந்தார், உதைத்தது. மறுபடி உட்கார்ந்தார், வாலால் முகத்தில் ஒன்று வைத்தது. கடைசியில் என் பழைய சேலை ஒன்றை அவர் தோளில் சுற்றி, தலையிலும் முக்காடு போட்டுவிட்டேன். மாடு திரும்பி மோந்து பார்த்தது. சேலையில் என் வாசம் இருந்ததோ என்னவோ, பாலை இறக்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்துவிட்டது.

“ஏனுங்ணா, சீலை நெம்ப எடுப்பா இருக்குதுங். பொறந்த ஊட்டுச் சீருங்களா?”

அவருக்கு எங்கே கேட்கிறது? “ஆமா, ரெண்டு லிட்டருக்குக் கொறையாது!” என்றார் பெருமையாக.

அக்கா சிரித்துச் சிரித்துக் கொட்டாய்க் காலைப் பிடித்துக்கொண்டது. நானும் சிரித்தேன். சிரித்ததில் மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். அவர் முக்காடோடு ஓடி வந்து என் முதுகைத் தடவினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சிரித்ததால் வந்த கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இருபதாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வாக்கியத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, எனக்குப் புது நைட்டி வாங்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். பையை அவளிடம் கொடுத்துவிட்டு அவள் பின்னாலேயே உள்ளே போனேன்.

சாயங்காலம் என் கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி எல்லாம் சொல்லித் தருகிறவள். சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு அழியவே இல்லை.

“என்னம்மா, பந்து எத்தனை ஏறுது?”

நான் பிடுங்கின பல் தெரியாமல் இருக்கட்டும் என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். மகள் முந்திக்கொண்டு, “மூணும் ஏறுதுன்னாங்க” என்றாள்.

“மூணுமா! சூப்பர். எங்க, ஒரு தடவை காட்டுங்க.”

இனி மறைக்க முடியாது. பையிலிருந்து எடுத்தேன். நாளைக்கு மறுநாள் ஆபரேஷன். இதைப் பார்த்தால் டாக்டரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு குழாயை வாயில் வைத்தேன். கன்னம் உப்ப ஊதினேன். பந்து அசையவில்லை.

அந்தப் பெண் குனிந்து குழாயையும் என் வாயையும் பார்த்தாள்.

“அம்மா, இத்தனை நாளும் இப்படியா பண்ணீங்க?”

தலையாட்டினேன்.

“ஊதிக்கிட்டா இருந்தீங்க?”

“ஆமாங்.”

“இத ஊதக் கூடாதும்மா. இழுக்கணும். ஸ்ட்ரா போட்டு இளநி குடிக்கிற மாதிரி உள்ள இழுக்கணும். ஊதுனா யாருக்குமே ஏறாது. நான் ஊதுனாலும் ஏறாது.”

பக்கத்துக் கட்டிலில் ஆத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் படுத்திருந்தார். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் நெஞ்சைத் தலையணையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அய்யோ, சிரிக்க வெக்காதீங்கம்மா, தையல் வலிக்குது. நானும் ஒரு மாசம் ஊதினேன். எங்க வூட்டுக்காரரு தலைகீழாக் கவுத்துப் புடிச்சி ஊதுன்னாரு. ஏறிடுச்சி! அதையே பெருமையா வந்து இந்தப் பொண்ணுகிட்ட சொன்னோம்.”

“வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் இப்படி வர்றாங்க” என்றாள் அந்தப் பெண். பிறகு என் கையைப் பிடித்து, “மூச்ச எல்லாம் வெளிய விட்ருங்க. இப்ப வாய வெச்சு மெதுவா இழுங்க” என்றாள்.

இழுத்தேன்.

முதல் பந்து ‘டக்’ என்று துள்ளி மேலே போய் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பயமாகிவிட்டது. வாயை எடுத்தேன், விழுந்துவிட்டது. திரும்ப இழுத்தேன். முதல் பந்து ஏறியது, இரண்டாவது பாதி வரைக்கும் வந்து தத்தளித்தது.

“ஏறிப்போச்சு! ஏறிப்போச்சு!” என்று என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. வேறு நாளாக இருந்தால் நான் போர்வைக்குள் போயிருப்பேன். அன்றைக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாளாக நான் செத்துப்போகிறவளாக இருந்தேன். இப்போது இல்லை.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. “ஏறுதுன்னு ஏம்மா பொய் சொன்ன?” என்று கேட்டாள். அவள் கையைத் தடவிக் கொடுத்தேன். “என்கிட்டக்கூடவா கேக்க மாட்ட?” என்று திரும்பக் கேட்டாள். அந்தக் கேள்வி என்னோடுதான் ஆபரேஷன் அறைக்குள் வந்தது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கூரையில் பெரிய விளக்கைப் பார்த்தேன், அவ்வளவுதான். கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. பேச முடியாது. எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. மறுநாள் காலையில் குழாயை எடுத்துவிட்டார்கள். பயந்த அளவுக்கு மெஷின் என்னை வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அதற்கப்புறம் வேறொன்று வந்தது. இரும வேண்டுமாம்.

நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அசைந்தாலே வலி. சளி நுரையீரலின் அடியில் தங்கியிருக்கிறது, அது வெளியே வராவிட்டால் காய்ச்சல் வந்து திரும்ப மெஷின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சிலுவை போட்ட பெண் வந்து தலையணையை என் நெஞ்சில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்கச் சொன்னாள்.

“இருமுங்க.”

“ம்க்கும்” என்றேன்.

“இதுக்குப் பேர் இருமலா? பக்கத்து வீட்டுக்குத் தெரியாம தும்முற மாதிரி இருக்கு.”

அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வேன்? நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் ஆண்கள் உள்ளே வரும் முன்பு வாசலில் நின்று இருமுவார்கள். அதைக் கேட்டதும் நாங்கள் எழுந்து உள்ளே போவோம். பெண்கள் நாலு பேர் கேட்க இருமக் கூடாது. எனக்கு இருமல் வந்தால் வைக்கோல் போருக்குப் பின்னால் போய், சேலையைக் கடித்துக்கொண்டு இருமிவிட்டு வருவேன். இங்கே ஐ.சி.யு.வில் எதிர்க் கட்டிலில் ஒரு ஆம்பளை படுத்திருந்தார். திரைகூடப் பாதிதான் இழுத்திருந்தது.

அன்றைக்கு முழுவதும் “ம்க்கும்”தான். சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பெண் முகத்திலும் சிரிப்பு இல்லை. “அம்மா, நாளைக் காலைக்குள்ள இது வெளிய வரணும்” என்றாள்.

பார்வையாளர் நேரத்தில் ஒருவரை உள்ளே விட்டார்கள். என் வீட்டுக்காரர் பச்சை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அந்தப் பெண் அவர் காதருகில் போய், “அய்யா, இவங்க சத்தமா இரும மாட்டேங்கறாங்க!” என்று கத்தினாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

“ஏ புள்ள, கடலைக்காட்டுல மயிலு எறங்குனா ஒரு சத்தம் போடுவியே. உன்ற குரல்ல எனக்குக் கேக்கறது அது ஒண்ணுதான். அதப் போடு.”

உண்மைதான். கொத்துக் கொத்தாக மயில் இறங்கிக் கடலைச் செடியைக் கிளறிப் போடும்போது, காட்டில் யாரும் இல்லை என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போடுவேன். அது அவருக்குக் கேட்கும் என்று எனக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது.

எதிர்க் கட்டில்காரர் கண்ணை மூடியிருந்தார். தலையணையைக் கட்டிப் பிடித்தேன். மூச்சை இழுத்தேன்.

“ஓஓஓய்!”

நெஞ்சு இரண்டாகப் பிளந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சத்தத்தின் பின்னாலேயே இருமல் வந்தது, இருமலின் பின்னாலேயே பெரிய சளிக் கட்டியும் வந்தது. எங்கேயோ ஒரு நர்சு ஓடி வந்தாள். எதிர்க் கட்டில்காரர் கண்ணைத் திறந்து, “என்ன ஆச்சுங்?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லீங்க, மயிலு” என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தப் பெண் என் வாயைத் துடைத்துவிட்டு, “இன்னும் ரெண்டு மயில் வந்திருக்கும்மா” என்றாள். இரண்டையும் ஓட்டினேன். மறுநாள் எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிந்திருந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்று மாதம் கனமாக எதையும் தூக்கக் கூடாது. குடம் கூடாது, கூடை கூடாது. வீட்டைச் சுற்றி நடந்தேன். முதல் நாள் ஒரு சுற்று, பத்தாம் நாள் பத்துச் சுற்று. மல்லாந்து படுத்துத் தூங்கினேன். அதுதான் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பாயில் நீட்டிக்கொண்டு தூங்குகிறவர்களைப் பார்த்தால் முன்பெல்லாம் பொறாமையாக இருக்கும்.

புது வால்வு சத்தம் போடுகிறது. கைக்கடிகாரத்தைக் காதில் வைத்த மாதிரி ‘டிக், டிக்’ என்று. ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த சின்னப் பாப்பா என் கை, என் பை, சீட்டுக்கு அடியில் எல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, “உங்க வாட்சு எங்கங்க?” என்று கேட்டது. “உள்ள வெச்சிருக்கறேன் கண்ணு” என்றேன்.

இந்த வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டக் கூடாது. அதற்கு ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்கத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட வேண்டும். குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், கூடினால் ரத்தம் கசியும். கீரை அதிகமாகத் தின்றாலும் மாத்திரை சரியாக வேலை செய்யாதாம். மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

போன மாதம் எங்கள் ஊர்க் கோயில் நோம்பி. வீடு நிறைய ஒரம்பரை, சொந்தபந்தம். மாவிளக்கு, சமையல், பேச்சு என்று அன்றைக்கு ஆறு மணி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் நேற்றைய மாத்திரை அட்டையிலேயே இருக்கிறது. விட்டதற்கும் சேர்த்து இன்றைக்கு இரண்டாகப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. ஒரு வேளை தண்ணீர் காட்ட மறந்தால் மாட்டுக்கு அடுத்த வேளை இரண்டு பங்கு காட்டுகிறோம் இல்லையா? அட்டையிலிருந்து இரண்டையும் பிதுக்கிக் கிண்ணத்தில் வைத்தேன்.

வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வேலையில் இருப்பாள். ஆஸ்பத்திரி பைலின் பின்பக்கம் ஒரு நம்பர் எழுதியிருந்தது. முன்பின் தெரியாதவர்களுக்கு நான் அதுவரை போன் பண்ணியதில்லை. ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்து அழுத்தினேன். மணி அடித்தபோது வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

“ஹலோ, யார் பேசறீங்க?”

“நானுங்க.”

“நான்னா யாரும்மா?”

“நெஞ்சுல வால்வு மாத்துனது எனக்குத்தானுங்க.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கெட்ட சிரிப்பு இல்லை. பேர், ஊர் எல்லாம் கேட்டு, யாரையோ கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஒரு நர்சு பேசினாள். நேற்று மாத்திரையை விட்டுவிட்டேன், இன்றைக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“அய்யய்யோ, கூடாதும்மா! விட்டது விட்டதுதான். இன்னிக்கு எப்பவும் போல ஆறு மணிக்கு ஒண்ணு மட்டும் போடுங்க. நாளைக்கும் ஒண்ணுதான். அடுத்த வாரம் ஒரு தடவை வந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்க.”

“ஒண்ணே ஒண்ணுதானுங்களா?”

“ஒண்ணே ஒண்ணுதான்மா. நல்லவேளை கேட்டீங்க.”

ஒன்றை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். இன்னொன்றை ஆறு மணிக்குப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். குடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது, முருங்கைக்கீரை வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடலாம் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். நம்பர் இருக்கிறது. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.